ஒன்பதாவது படி

ஜன்னல் சீட்டு வேணும்னா எடுத்துக்கோங்கக்கா. எனக்கு வாந்தியெல்லாம் வராது. ஆறு மாசமா வாராவாரம் இதே பஸ்ஸுல ஓசூருக்கும் ஊருக்குமா போயிட்டு வர்றேன், ராயக்கோட்டை ரோட்டுல எந்த இடத்துல பள்ளம்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். பையை மேல வைக்காதீங்க. தட்டு, பழமெல்லாம் இருக்கா? அப்போ மடியிலயே வெச்சுக்கோங்க. இந்த டிரைவர் பிரேக் போட்டா பழம் முன்னாடி போயிடும், நீங்க பின்னாடி தேடிக்கிட்டு இருப்பீங்க.

எங்க, பாலக்கோடா? நிச்சயதார்த்தமா? சந்துக்குள்ள இருக்கிற அந்த மண்டபம்தானே? எனக்கு நல்லாத் தெரியும். அந்த ஊர்லதான் ஏழு வருஷம் படிச்சேன். கேட்டுக்கிட்டே போயிடலாம்னு நினைக்காதீங்க. எங்க பக்கத்துல வழி கேட்டா கையை நீட்டி "இப்படியே போங்க"ன்னுதான் சொல்வாங்க. இப்படியேன்னா எப்படின்னு சொன்னவங்களுக்கே தெரியாது. நான் மாரண்டஹள்ளியில இறங்கிடுவேன், உங்ககூட வர முடியாது. பேப்பர்ல எழுதித் தரேன். எழுதறதுதான் என் வேலை.

வேலையா இருந்துச்சு. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்.

அழலை. தூசி.

படிப்பா? பன்னெண்டாவதோட நின்னுட்டேன். பாவம்னு பாக்காதீங்க, யாரும் நிறுத்தலை, நானாத்தான் நின்னேன். காலேஜுக்குப் பதினொரு நாள் போனேன். முதல் நாள் ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு ரெண்டு மணி நேரம் பேசினார். பதினொண்ணாவது நாளும் அவரே வந்து அதையே பேசினார். எந்திரிச்சு வந்துட்டேன். எனக்கு மனசுல ஒண்ணு வெளியில ஒண்ணு வராதுக்கா. பளிச்சுனு சொல்லிடுவேன். பப்ளிக் பரீட்சையில பக்கத்து பெஞ்சு காயத்ரி என் பேப்பரை எட்டிப் பாத்தா. என் ஃபிரண்டுதான், ஒரே டிபன் பாக்ஸுல சாப்பிட்டவதான். கையைத் தூக்கி சார்கிட்ட சொல்லிட்டேன். அவளை வேற இடத்துல உக்கார வெச்சாங்க. அன்னியிலிருந்து அவ என்கூடப் பேசறதில்லை. உண்மையைத்தானே சொன்னேன்? உண்மையைச் சொன்னா எதுக்குக் கோபம் வரணும்? எனக்குப் புரியவே இல்லை.

சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது மாதேஷைப் பத்தி. மாதேஷ் அண்ணான்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அண்ணா. இனிமே அவன்தான்.

முதல்ல வேலையைப் பத்திச் சொல்லிடறேன், இல்லைன்னா உங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஓசூர்ல ஒரு கம்பெனி. ஸ்டெரிலைசர் செய்யறாங்க. ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு எடுக்கிற கத்தி, கத்திரி, துணி எல்லாத்தையும் உள்ள வெச்சு, நீராவியில வேக வெச்சு, கிருமியைக் கொல்ற பெட்டி. சின்னது நம்ம வீட்டு இட்லிப் பானை அளவு இருக்கும். பெருசு பீரோ மாதிரி நிக்கும். அந்தப் பெட்டியை எப்படி ஓட்டணும்னு கூடவே ஒரு புத்தகம் தருவாங்க இல்ல, மேனுவல், அதைத் தமிழ்ல எழுதற வேலை எனக்கு. இங்கிலீஷ்ல இன்ஜினியருங்க எழுதினது இருக்கு. அதை இன்ஜினியருங்களே படிக்கறதில்லை.

வேலைக்குப் போனப்போ டாக்குமெண்ட் செக்‌ஷன் தஸ்லீமா மேடம் ஒரு பேனாவை என் முன்னாடி வெச்சாங்க. "இதுக்கு ரீஃபில் மாத்தறது எப்படின்னு எழுது"ன்னாங்க. நான் மாவட்டக் கட்டுரைப் போட்டியில பரிசு வாங்கினவ. விடுவேனா? "எழுதுகோல் என்பது மனித குலத்தின் ஆறாம் விரல்"னு ஆரம்பிச்சு ஒன்றரைப் பக்கம் எழுதிட்டேன். மேடம் படிச்சாங்க. சிவப்புப் பேனாவை எடுத்தாங்க. ஒரு கோடு, ரெண்டு கோடு, அப்படியே மேலிருந்து கீழ வரைக்கும் அடிச்சுக்கிட்டே வந்தாங்க. கடைசியில அஞ்சு வரி மிச்சம் இருந்துச்சு.

"இந்த அஞ்சு வரி நல்லா இருக்கு. மத்ததை மறந்துட்டு வர முடியுமா?"

"முடியும் மேடம். எப்போ வரணும்?"

"கோபம் வரலையா?"

"வருது. அடிச்சது சரிதான், அதனால அடக்கிக்கிட்டேன்."

சிரிச்சாங்க. ஆறு மாசம் டிரெய்னியா இருக்கணும். அதுக்குள்ள மூணு மேனுவல் எழுதணும், மூணும் டெஸ்ட்டுல பாஸாகணும். பாஸாயிட்டா வேலை நிரந்தரம்னு ஆர்டர் கையில வரும். ஆகலைன்னா வீட்டுக்கு.

வீட்டுக்குன்னா என்னன்னு கேளுங்க. எங்கப்பா பேரூராட்சி ஆபீஸுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். காலேஜ் வேண்டாம்னு நான் வந்தப்பவே கடையில எனக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டார், சிவப்புக் கலர் பிளாஸ்டிக் ஸ்டூல். "ஆறு மாசம் போயிட்டு வா ஜீவிதா. ஆர்டர் வந்தா நீ ஓசூர். வரலைன்னா இந்த ஸ்டூல்"ன்னார். ஆயுசுக்கும் அடுத்தவங்க எழுதினதைக் காப்பி எடுத்துக் கொடுத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.

டெஸ்ட்டுன்னா பரீட்சை மாதிரி இல்லைக்கா. அந்தக் கம்பெனியில அதுக்கு வாய்மூடி டெஸ்ட்டுன்னு பேரு. மெஷின் முன்னாடி ஒருத்தர் நிப்பார். கையில என் பேப்பர். அதுல என்ன இருக்கோ அதை மட்டும் செய்வார். நான் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அவர் தப்பாச் செஞ்சாலும் சரி, முழிச்சாலும் சரி, நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா ஃபெயில். சுவத்துலயே பெருசா ஒட்டியிருக்கும்: "எழுதியவர் பேசக் கூடாது." முடிஞ்சதும் அவர் எங்க தடுமாறினார்னு குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, மேடம்கிட்ட கொடுப்பார்.

அந்த ஆளுதான் மாதேஷ். இருபத்தஞ்சு வயசு. முன்னாடி ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனா மூணு வருஷம் இருந்தவன். பெண்ணாகரம் பக்கம். நம்ம பக்கத்து ஆளுன்னு எனக்கு ஒரு சந்தோஷம். கேன்டீன்ல என் டப்பாவுல இருக்கிற கடலைச் சட்னியை வழிச்சுத் தின்னது எல்லாம் அவன்தான். ஆறு மாசம் தின்னான்.

முதல் டெஸ்ட்டு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. சின்னப் பெட்டி. நான் எழுதினது: "நீர் நிரப்பவும்." அவன் நிமிர்ந்து நாலு பக்கமும் பாத்தான். என் பேக்குல இருந்து என்னோட வாட்டர் பாட்டிலை உருவினான். சீரகத் தண்ணிக்கா! எங்கம்மா கொதிக்க வெச்சுக் கொடுத்த சீரகத் தண்ணி! மடமடன்னு உள்ள ஊத்திட்டான். எனக்கு உயிரே போச்சு. வாயைத் திறக்க முடியுமா? முடியாது. அடுத்த வரி: "சிறிது நேரம் காத்திருக்கவும்." பேப்பரை வெச்சுட்டுக் கிளம்பிட்டான். டீ குடிச்சு, பேப்பர் படிச்சு, யாரோடயோ கிரிக்கெட் பேசிட்டு, இருபது நிமிஷம் கழிச்சு வந்தான். நான் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்தேன்.

முடிஞ்சதும் பாய்ஞ்சேன். "ஏண்ணா, உங்களுக்குத் தெரியாதா? மூணு வருஷம் இதே பெட்டியைத்தானே ஓட்டினீங்க?"

"எனக்குத் தெரியும். உன் பேப்பருக்குத் தெரியலையே."

"சீரகத் தண்ணியை யாராவது ஊத்துவாங்களா?"

"நீ எந்தத் தண்ணின்னு சொல்லலை. எவ்வளவுன்னும் சொல்லலை. எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தர் போர் தண்ணியை ஊத்தி, ஆறே மாசத்துல உள்ள உப்புப் படிஞ்சு பெட்டியே குப்பைக்குப் போச்சு. உன் சீரகம் எவ்வளவோ பரவாயில்லை, மணமா இருக்கும்."

இன்னொண்ணு. கதவுன்னு ஒரு இடத்துல எழுதியிருந்தேன், மூடின்னு ஒரு இடத்துல, வாயில்னு ஒரு இடத்துல. எங்க தமிழ் மிஸ், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டா அழகு கெட்டுடும்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. இவன் பெட்டியைச் சுத்திச் சுத்தி வந்தான். "கதவு இருக்கு. மூடி எங்க? வாயில் எங்க? மூணு வேணுமே எனக்கு"ன்னு தேடறான். சுத்தி நின்ன ஃபிட்டருங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அன்னியிலிருந்து எனக்குக் "கட்டுரை"ன்னு பேர். "ஏய் கட்டுரை, மனித குலம் சாப்பிட்டுச்சா?"ன்னு கேன்டீன்ல கேப்பான்.

ஆனா கத்துக்கிட்டேன்கா. ஒரு பொருளுக்கு ஒரு பேர்தான். ஒரு வரியில ஒரு வேலைதான். "நன்றாக", "சிறிது", "தேவையான அளவு" எல்லாம் கிடையாது, எத்தனை லிட்டர், எத்தனை நிமிஷம், அதைச் சொல்லு. அப்புறம் படிக்கிறவங்க யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதணும். நான் முதல் பக்கம் முழுக்க நீராவின்னா என்னன்னு விளக்கியிருந்தேன். மேடம் அதை அப்படியே கிழிச்சுட்டாங்க. "படிக்கப் போறவங்க தினமும் இருபது தடவை அதுல வேலை செய்யறவங்க. உன்னைவிட அவங்களுக்கு நீராவியை நல்லாத் தெரியும். அவங்க கதை கேக்க மேனுவலைத் திறக்க மாட்டாங்க. மெஷின் நின்னு போச்சு, உள்ள டாக்டர் கத்தறார், அப்போ நடுவுல இருந்து திறப்பாங்க. அந்தப் பக்கத்துல பதில் இருக்கணும்"னாங்க. அது எனக்குச் சுருக்குன்னு பிடிச்சுப் போச்சு. எனக்கும் சுத்தி வளைச்சுப் பேசினா பிடிக்காதே.

அவன் குறிப்பும் ஒண்ணும் லட்சணமா இல்லை, அதையும் சொல்லிடறேன். "கொஞ்சம் குழப்பமா இருந்தது", "பரவாயில்லை", இப்படித்தான் எழுதுவான். நான்தான் உக்கார வெச்சுச் சொன்னேன். "அண்ணா, கொஞ்சம் குழப்பம்னா நான் எதைத் திருத்தறது? எத்தனாவது படி, அங்க பேப்பர்ல என்ன இல்லை, நீங்க என்ன செஞ்சீங்க. மூணே விஷயம். ரெண்டு வரியில முடிங்க." தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். நல்லாவே கத்துக்கிட்டான். எனக்கே திருப்பிக் கொடுத்தான் பாருங்க, அந்த அளவுக்குக் கத்துக்கிட்டான்.

சின்னப் பெட்டி ரெண்டாவது தடவை பாஸ். அடுத்தது கருவி கழுவற மெஷின், முதல் தடவையே பாஸ்.

அந்த மெஷினுக்கு எழுதிக்கிட்டு இருந்தப்போதான் அவன் கையைப் பத்திக் கேட்டேன். வலது கையில மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வேற கலரா, பளபளன்னு இருக்கும். "வெந்நீர் கொட்டிடுச்சாண்ணா?"ன்னேன். "இல்லை, பக்கம் திருப்பினப்போ பட்டது"ன்னான். ஜோக் அடிக்கறான்னு சிரிச்சேன். அப்புறம்தான் சொன்னான். வேலைக்குச் சேர்ந்த புதுசு. மேனுவலைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியாச் செஞ்சிருக்கான். பக்கத்தோட கடைசி வரி: கதவைத் திறக்கவும். திறந்துட்டான். அடுத்த பக்கத்தோட முதல் வரி: எச்சரிக்கை, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வரும் முன் கதவைத் திறக்கக் கூடாது. பக்கத்தைத் திருப்பறதுக்குள்ள நீராவி கையைத் தின்னுடுச்சு.

எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை. மறுநாளே என்னோட ரெண்டு மேனுவல்லயும் எச்சரிக்கை எல்லாத்தையும் படிக்கு முன்னாடி கொண்டுவந்து, கட்டம் போட்டு வெச்சேன். மேடம் பாத்துட்டு, "சபாஷ், இது உனக்காத் தோணுச்சா?"ன்னாங்க. "ஆமா மேடம்"னேன். எனக்குத்தானே தோணுச்சு? அவன் கையைத்தான் காட்டினான், கட்டம் போடச் சொல்லலையே.

சரி, இப்போ மூணாவது. பீரோ மாதிரி நிக்கற பெருசு. அதுல கஷ்டமான பகுதி, ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா என்ன செய்யணும்கறது. பதினாலு படி. எட்டு நாள் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் சொல்லிப் பாத்து, அடிச்சு, திரும்ப எழுதி. நேத்து காலையில டெஸ்ட்டு. நேத்தோட ஆறு மாசம் முடியுது.

அவன் பேப்பரை வாங்கினான். ஒண்ணு, ரெண்டு, மூணு, வெண்ணெய்ல கத்தி மாதிரி போகுது. எட்டு வரைக்கும் ஒரு இடத்துலகூட நிக்கலை. எனக்குக் காது ரெண்டும் சூடாகுது. ஒன்பதாவது படி: "வால்வை மெதுவாகத் திறக்கவும்."

நின்னுட்டான்.

பக்கவாட்டுல ரெண்டு வால்வுக்கா. நீலக் கைப்பிடி ஒண்ணு, கறுப்புக் கைப்பிடி ஒண்ணு. நீலத்தைத் திறந்தா உள்ள அடைஞ்சிருக்கிற நீராவி குழாய் வழியா வெளியில போகும். கறுப்பைத் திறந்தா பெட்டியோட ரெட்டைச் சுவருக்கு நடுவுல இருக்கிற கொதி தண்ணி காலடியில கொட்டும். எனக்கு அது தெரியும். எட்டு நாளா நீல வால்வை மனசுல பாத்துக்கிட்டே எழுதினதால, பேப்பர்லயும் நீலம் இருக்குன்னே நினைச்சுட்டேன். ஒரு சொல். ஒரே ஒரு சொல் விட்டுப் போச்சு. அதுவும் மெஷின் அன்னிக்குச் சும்மாதான் நின்னுச்சு. கொதி தண்ணி என்ன, பச்சைத் தண்ணிகூட உள்ள இல்லை.

அவன் கை ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. திரும்பி என்னைப் பாத்தான்.

நான் வாயைத் திறந்தேனா? திறக்கலை. கையைக் காட்டினேனா? கட்டின கை கட்டினபடிதான் இருந்துச்சு. கண்ணு இருக்கு இல்ல, அது எங்கயாவது பாத்துத்தானே ஆகணும்? அது நீலத்தைப் பாத்துச்சு. அவ்வளவுதான்.

அவன் நீலத்தைத் திறந்தான். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலும் முடிஞ்சுது. ஃபிட்டருங்க எல்லாம் கையைத் தட்டினாங்க. "கட்டுரைக்கு ஆர்டர் வந்தாச்சுடோய்"ன்னு ஒருத்தர் கத்தினார். நான் வெளியில ஓடி அப்பாவுக்குப் போன் போட்டுட்டேன். அப்பா, "அப்போ அந்த ஸ்டூலை டீக்கடை முருகேசனுக்குக் கொடுத்துடவா? ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கான்"னார். "கொடுத்துடுங்கப்பா"ன்னேன். சாயந்திரமே கொடுத்துட்டார். அம்மா தெருவுக்கே சொல்லிட்டா.

மாதேஷ் முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. சிரிக்கவும் இல்லை. கேன்டீன்ல சட்னியையும் தொடலை. வயிறு சரியில்லையோன்னு நினைச்சேன்.

இன்னிக்கு மத்தியானம் மேடம் கூப்பிட்டாங்க. ஆர்டர்தான்னு, நல்ல துப்பட்டா போட்டுக்கிட்டுப் போனேன். மேஜையில அவன் குறிப்பு. என் பக்கமாத் திருப்பி வெச்சாங்க. சொல்றேன் கேளுங்க, எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு:

"ஒன்பதாவது படியில் எந்த வால்வு என்று தாளில் இல்லை. எழுதியவரின் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்."

ரெண்டே வரி. எத்தனாவது படி, பேப்பர்ல என்ன இல்லை, என்ன செஞ்சேன். அடிச்சுத் திருத்த ஒரு எழுத்து இல்லைக்கா அதுல. நான் சொல்லிக் கொடுத்தபடியே. என் சட்னியைத் தின்ன கையால.

நான் சும்மா விடலை. "மேடம், சுவத்துல என்ன எழுதியிருக்கு? எழுதியவர் பேசக் கூடாதுன்னுதானே? பாக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே. நான் பேசினேனா?"ன்னு கேட்டேன். கேட்டதும் எனக்கே ஒரு தைரியம். சரியான பாயிண்டு இல்லையா?

மேடம் எந்திரிச்சாங்க. டெஸ்ட் ரூமுக்குப் போய், சுவத்துல இருந்த பேப்பர்ல "பேசக் கூடாது"ங்கறதை அடிச்சாங்க. மேல எழுதினாங்க: "எழுதியவர் அறையில் இருக்கக் கூடாது."

"நீ சொன்னது சரி. விதியை நாங்க சரியா எழுதலை. திருத்திட்டேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு மறுபடி டெஸ்ட்டு. மாதேஷ் வேண்டாம், அவனுக்கு இப்போ பதில் தெரியும். வேற ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து டெக்னீஷியன் வருவாங்க. உன்னைத் தெரியாதவங்க. நீ வெளியில பெஞ்சுல உக்காந்திருப்ப."

"ஆறு மாசம் நேத்தோட முடிஞ்சுடுச்சு மேடம். எங்கப்பா..."

"திங்கக்கிழமை வரைக்கும் நான் பொறுப்பு."

"எனக்கு எதுவும் வேண்டாம் மேடம்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நேரா அவன்கிட்டதான் போனேன். வால்வுக்கு வாஷர் போட்டுக்கிட்டு இருந்தான்.

"ஏண்ணா எழுதினீங்க?"

"நடந்ததை எழுதினேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல? ஒரு சொல்தானே, சேத்திருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அதான் ஜீவி. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நீங்கதானே என்னைப் பாத்தீங்க? நீங்க பாக்காம இருந்திருக்கலாமே?"

"ஆமா. பாத்தேன். அது என் தப்பு. அதையும்தான் எழுதியிருக்கேன், பாரு."

"இது துரோகம்."

அவன் அந்தக் கையை இந்தக் கையால தேய்ச்சுக்கிட்டு நின்னான். அது ஒரு பழக்கம் அவனுக்கு. யாராவது திட்டினா தேய்ப்பான். "இனிமே என்கூடப் பேசாதீங்க"ன்னு சொல்லிட்டு, என் டேபிள்ல இருந்த பேப்பரையெல்லாம் இந்த ஃபைல்ல அள்ளிப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். ஒரு ஃபிரண்டு செய்யற வேலையா இது? நீங்களே சொல்லுங்க. ஒண்ணா சாப்பிட்ட ஒருத்தியைப் பத்தி நேரா மேல இருக்கிறவங்ககிட்டப் போய்ச் சொல்றதா?

என்னக்கா சிரிக்கிறீங்க?

காயத்ரியா? அது வேற. அது பரீட்சை.

அது வேறக்கா.

...

ராயக்கோட்டை தாண்டியாச்சு. கொடுங்க, வழி எழுதித் தரேன், இல்லைன்னா பேசிக்கிட்டே மறந்துடுவேன். பேப்பர்... இதுலயே எழுதறேன், பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. முன்னாடி அந்தப் பதினாலு படிதான். அதைப் பாக்காதீங்க.

முதல்ல எச்சரிக்கை. "பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் ஆட்டோவில் ஏற வேண்டாம்." கட்டம் போட்டாச்சு. சுத்திக் காட்டி நூறு ரூபா வாங்கிடுவாங்க. நடந்தா ஆறு நிமிஷம்தான். ஒண்ணு, பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியில் வரவும். ரெண்டு, இடது பக்கம் திரும்பவும். மூணு, மருந்துக்கடை வரும் வரை நடக்கவும். நாலு, சந்தில் திரும்பவும். அஞ்சு, சந்து முடியும் இடத்தில் மண்டபம். அவ்வளவுதான். ஒரு வரிக்கு ஒரு வேலை. பிடிங்க.

படிங்க, மனசுக்குள்ளயே படிங்க. சரியா வந்துச்சா?

ஏன் நின்னுட்டீங்க?

எதுக்கு என் மூஞ்சியைப் பாக்குறீங்க?

...ஆமா. மருந்துக்கடைக்கு ரெண்டு பக்கமும் சந்து இருக்கு.

கொடுங்க இங்க. நான் பாட்டுக்கு இறங்கிப் போயிடுவேன். நீங்க அங்க இருட்டுற நேரத்துல தட்டையும் பழத்தையும் தூக்கிக்கிட்டு நின்னு, யார் மூஞ்சியைப் பாப்பீங்க? ஒரு சந்து மண்டபத்துக்குப் போகும், இன்னொண்ணு சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட குழிக்குப் போகும். "மருந்துக்கடையைத் தாண்டி உள்ள சந்து. முனையில் பச்சைத் தண்ணீர்த் தொட்டி இருக்கும்." அந்தச் சொல் இப்போ இருக்கு. அஞ்சாவதுக்கு முன்னாடி இன்னொரு எச்சரிக்கையும் போடறேன், சந்துல நாய் இருக்கு, கடிக்காது, குரைக்கும்.

அவன் செஞ்சது துரோகம்தான். அதுல எனக்கு மாத்தமே இல்லை. ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்.

முன்பக்கத்துல என்ன எழுதறேனா? ஒண்ணும் இல்லை. பேனா கையில இருக்கேன்னு ஒன்பதாவதுல ஒரு சொல் சேத்தேன். "நீல." அவ்வளவுதான். ஆனா இந்தத் தாளை உங்ககிட்டக் கொடுத்துட்டேனே, திங்கக்கிழமைக்குத் திரும்ப எழுதணும்... யாராவது போனா. நான் போறேன்னு சொல்லலை. திங்கக்கிழமை காலையில ஓசூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு கண்டக்டருக்குத் தெரிஞ்சிருக்கும், இறங்கும்போது சும்மா கேட்டுப் பாக்கணும். அப்பாகிட்ட வேற பேசணும். முருகேசன் அந்த ஸ்டூலைத் திருப்பித் தர மாட்டார், அவரைப் பத்தி எனக்குத் தெரியும்.

அந்தா, மாரண்டஹள்ளி வந்துடுச்சு, லைட்டு தெரியுது. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. பேப்பரைப் பிடிங்கக்கா. முதல்ல இருந்து மறுபடி படிங்க. எங்கயாவது நின்னீங்கன்னா சொல்லுங்க, திருத்திட்டுத்தான் இறங்குவேன்.

என்னைப் பாக்காதீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.